இரண்டு இடத்திலும் நின்றவர்

இன்று காலை வேங்கிக்காலிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறார். மொட்டைமாடியில் நின்று மலையை ஏழு படங்களாக எடுத்து ஒரு சிடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏழையும் ஒட்டி ஒரே நீளப் படமாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம். "வீட்டுக் கம்ப்யூட்டர்ல நானே போட்டுப் பாத்தேங்க. எங்கயோ இடிக்குது" என்றார். திரையில் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மலையின் சரிவு ஒரு இடத்தில் படிக்கட்டுப் போல உடைந்து இறங்கியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒரு படத்தில் மலைக்கு இடப்பக்கம் இருந்தது, அடுத்த படத்தில் மலையின் நடு வயிற்றில் இருந்தது.

"மாடியில நடந்துக்கிட்டே எடுத்தீங்களா சார்?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நின்ன எடத்துலயே நின்னு திரும்பணும் சார். ஆளு நகந்தா, கிட்ட இருக்கறது ஒரு பக்கம் போவும், தூரத்துல இருக்கறது ஒரு பக்கம் போவும். அப்புறம் என்ன பண்ணாலும் ஒட்டாது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அது நான் பேசியதில்லை. சொல்லுக்குச் சொல் நீ பேசியது. நீ போய் மூன்று வருடமாகிறது. மறுபடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அந்த உடைந்த மலையை மட்டும் மூட மனம் வரவில்லை. பக்கத்தில் கிடந்த பில் புத்தகத்தைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் இதை எழுத ஆரம்பித்தேன்.

ப்ளஸ் டூ வரை நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நீ கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனாய். உன் வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். நான் தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் டிடிபி கடை போட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. உனக்குக் கேமரா வந்த கதையை நீயே நூறு தடவை சொல்லியிருக்கிறாய். உங்கள் தெருவில் ஒரு சீமந்தம். படம் எடுக்க வந்த ஆள், வளையல் போடும்போது பெண்களை அப்படித் திரும்பு, இப்படி நில், முந்தானையைச் சரி பண்ணு என்று விரட்டியிருக்கிறான். வயிற்றுப்பிள்ளைக்காரி கூச்சத்தில் தலையே தூக்கவில்லை. நீ எழுந்து போய், "எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்கண்ணா, நான் எடுக்கறேன்" என்று அவன் கையிலிருந்து வாங்கிவிட்டாயாம். அடுத்த வருடத்துக்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அடி அண்ணாமலை வரைக்கும் பெண்கள் விசேஷமென்றால் உன்னைத்தான் கூப்பிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்து மேசையில் மூன்று படங்களைப் பரப்பினாய். மலைதான். ஒரே படத்துக்குள் அடங்கவில்லையென்று மூன்றாக எடுத்திருந்தாய். "உன் கம்ப்யூட்டர் இத ஒண்ணா ஒட்டுமாடி?" என்றாய். ஒட்டும் என்று வாய் கூசாமல் சொன்னேன். அதுவரை நான் ஒட்டியதெல்லாம் பத்திரிகையின் மூலையில் பிள்ளையார்.

அந்த மூன்று படங்கள் என்னைப் பத்து நாள் படுத்தின. முதலில் வானம். இடப்பக்கத்து வானம் நீலம், நடுவானம் வெள்ளை, வலப்பக்கம் லேசாகப் பச்சை. லேபில் மெஷின் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து அதற்குத் தோன்றியபடி திருத்திப் போட்டிருந்தது. நீ நேராக லேபுக்குப் போய், "திருத்தாதீங்க. மூணையும் ஒரே மாதிரி போடுங்க, மட்டமா வந்தாலும் பரவாயில்ல" என்று சண்டை போட்டு வாங்கிவந்தாய். வானம் சரியானது. அடுத்து தென்னைமரம் இரண்டாகத் தெரிந்தது. நீ இரண்டடி நகர்ந்திருந்தாய். அதற்கு நீ கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, கேமராவுக்கு அடியில் நூலில் கட்டித் தொங்கவிட்டாய். தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. குண்டு புள்ளியை விட்டு விலகாமல் நீ கேமராவைச் சுற்றி நடப்பாய். பார்க்கிறவர்கள் மனை அளக்க வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

என் பங்குக்கு நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒட்டை நேர்கோடாகப் போட்டால் கண்ணில் குத்தும். தூணின் ஓரம், மரத்தின் பட்டை, புடவையின் கரை என்று ஏற்கெனவே கோடு இருக்கிற இடமாகப் பார்த்து அதன் மேல் ஓட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. நீ எடுப்பாய், நான் மறைப்பேன். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் நீ திணறும்போது எனக்கு வருகிற கர்வம் இருக்கிறதே, அதுதான் பிறகு நம்மை வம்பில் இழுத்துவிட்டது.

அடி அண்ணாமலையில் அந்த மணிலாக்கடலை விவசாயக் குடும்பம். அண்ணன், தம்பி, தங்கை கஸ்தூரி. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் ஊரில் சொல்வார்கள். பெயர் நமக்கும் தெரியாது. அடுத்தடுத்த வீடு, நடுவில் பொதுக்கிணறு. மோட்டார் போடுகிற முறையில் தகராறு வந்து, ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. கஸ்தூரி புருஷனோடு துபாய்க்குக் கிளம்புகிறாள். போவதற்குள் எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டுமென்று அழுது பிடிவாதம் பிடித்து, பெரியப்பா சித்தப்பா வீட்டு ஆட்களையும் சேர்த்து நாற்பது பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் நிற்கவைத்துவிட்டாள். பின்னால் வைக்கோல் போர், முன்னால் கிணறு. நீ பின்னுக்குப் போக இடமில்லை. "நாலு படமா எடுத்து ஒட்டிடலாம்" என்றாய். எல்லாரையும் அரைவட்டமாக நிற்கவைத்து, குண்டைத் தொங்கவிட்டு, "நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையாதீங்க" என்று சத்தம் போட்டாய். பெரியவர் குடும்பம் வலது கோடியில், சின்னவர் குடும்பம் இடது கோடியில். அவர்களாகவே அப்படிப் போய் நின்றுகொண்டார்கள்.

நான் அன்று கூட வரவில்லை. மறுநாள் நெகட்டிவ்களை என் மேசையில் போட்டுவிட்டு, சொந்தத்தில் ஒரு கல்யாணமென்று நீ ஊருக்குப் போய்விட்டாய். நான் ஸ்கேன் செய்து ஒட்டினேன். வெளிச்சம் பொருந்தியது, தரை பொருந்தியது, நாற்பது பேரும் வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று.

சின்னவர் இரண்டு தடவை இருந்தார். இடது கோடியில் மனைவி பக்கத்தில் ஒருமுறை. வலது கோடியில் அண்ணன் பக்கத்தில் ஒருமுறை. முதல் படம் எடுத்து முடித்ததும் வரிசைக்குப் பின்னாலேயே நடந்து அந்தக் கோடிக்குப் போயிருக்கிறார். நாம் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது பையன்கள் செய்த குறும்பு போலத் தோன்றியது எனக்கு. ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு முறை என்றால் அது பிழை, பிழையென்றால் திருத்த வேண்டும். இடப்பக்கத்து ஆள் தெளிவாக இருந்தார், அவரை வைத்துக்கொண்டேன். வலப்பக்கத்து ஆளை எடுத்துவிட்டு அங்கே வைக்கோல் போரை இழுத்துவிட்டேன். ஒரு சின்னச் சிக்கல் மிச்சம் இருந்தது. நாலாவது படத்தில் பெரியவரின் கை தம்பியின் தோளில் கிடந்தது. தம்பி போனதும் கை அந்தரத்தில் நின்றது. நல்லவேளை, மூன்றாவது படத்திலும் ஓரமாகப் பெரியவர் வந்திருந்தார், கை சாதாரணமாகத் தொங்கியபடி. அவரை மட்டும் நாலாவதிலிருந்து எடுக்காமல் மூன்றாவதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. சென்னைக்கு அனுப்பி மூன்று நீளப் படம் போட்டு வரவழைத்தேன். நீ வருவதற்குள் கஸ்தூரி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் பெரியவர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அக்குளில் சுருட்டிய படம். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. படத்தை மேசையில் விரித்துத் தன் உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"என் கை எங்கம்மா?"

"இருக்குதுங்களே, இதோ."

"இந்தக் கை இல்ல. எந்தம்பி தோள்மேல போட்டேனே, அந்தக் கை."

நான் பெருமையாகவே விளக்கினேன். தம்பி இரண்டு தடவை வந்துவிட்டதையும், இது மாதிரி ஒட்டுகிற படத்தில் அப்படி ஆவதுண்டு என்பதையும், அதை எப்படிச் சரி பண்ணினேன் என்பதையும். அவர் முழுதும் கேட்டார்.

"யாரு சொல்லி எடுத்தீங்க?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான்."

"நீயா எதுக்கும்மா எடுக்கற? அவன் சொல்லியிருப்பான். நாலு பேரு பாத்துட்டாங்கன்னு வெக்கமாப் போயிருக்கும்." படத்தை அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்கினார். இறங்கியவர் திரும்பி, "ஆறு வருசம் கழிச்சு வந்து நின்னாம்மா" என்றார்.

நீ ஊரிலிருந்து வந்த அன்று அந்தப் படம் மேசையிலேயே கிடந்தது. பையைக்கூட இறக்காமல் பார்த்தாய். உன் முகம் மாறுவதைப் பார்த்து, ஒட்டில் ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன்.

"சின்னவரு எங்கடி?"

"இந்தக் கோடியில இருக்காரு பாரு."

"அந்தக் கோடியில?"

சொன்னேன். நீ பெஞ்சில் உட்கார்ந்தாய். பிறகு, "அவரு பின்னாடி நடந்து வந்தத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நாலாவது க்ளிக் அடிக்காம நிறுத்தி வெச்சிருந்தேன், அவரு போய்ச் சேரட்டும்னு. பெரியவரு திரும்பிப் பாத்தாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அப்படியே நின்னாங்க. அப்புறம் கை போட்டாரு. அதுக்கு அப்புறம்தான் அடிச்சேன்" என்றாய்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கேட்டிருக்கலாம் இல்ல? ஒரு மனுசன எடுக்கற. யாருன்னு கேக்க மாட்டியா?"

அன்று நாம் போட்ட சண்டை பக்கத்து ஜெராக்ஸ் கடை வரை கேட்டது. வேலை தெரியாதவள் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "வேல நல்லாத் தெரிஞ்சு போச்சு உனக்கு, அதான்" என்றாய். நான் அழுதேன். நீ சமாதானம் செய்யவில்லை. மறுநாள் காலையில் மொபெட்டைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தி, ஏறு என்றாய்.

கிரிவலப் பாதை வழியாக அடி அண்ணாமலைக்குப் போனோம். சின்னவர் தன் வாசலில் மணிலா காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் முகம் சரியில்லை. அண்ணன்தான் தன்னைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார் என்று அவர் நினைத்திருந்தார். நீ எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. பொதுக்கிணற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டு, "அண்ணா, ரெண்டு பேரும் கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாய். பெரியவர் தாமதமாகத்தான் வந்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர்.

நீ என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன். என்னை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன், யாரையும் கேட்காமல் எடுத்தது தப்பு என்று. நீ உடனே, "அவ மட்டும் இல்லீங்கண்ணா. நான் சொல்லாம போனதும் தப்பு" என்று சேர்த்துக்கொண்டாய். பையிலிருந்து நெகட்டிவை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்து, "இதோ பாருங்க, இதுல இருக்குது. எங்கயும் போவல" என்றாய். இரண்டு பேரும் கிட்டே வந்து, நெற்றி சுருக்கி, அந்தச் சின்ன இருட்டுத் துண்டுக்குள் தங்களைத் தேடினார்கள். நெகட்டிவில் முகம் கறுப்பும் முடி வெள்ளையுமாக இருக்கும். "இது நானா?" என்று சின்னவர் கேட்டார். "அதுதான்டா நீ. கெழவனாட்டம் இருக்குற" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

சரி, இப்போது படத்தை எப்படிப் போடுவது என்று நான் கேட்டேன். ஒரு இடத்தில்தான் வைக்க முடியும், எந்த இடம் வேண்டுமென்று சொல்லுங்கள் என்றேன். "அண்ணன் பக்கத்துலயே வெச்சுடுங்க" என்றார் சின்னவர். அதுவரை கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி வேகமாக வந்தாள். "இங்க எடுத்துட்டா நான் ஒண்டியா நிக்கற மாதிரி இருக்குமே! மூணு புள்ளைங்களோட! பாக்கறவங்க இன்னான்னு நெனைப்பாங்க?" யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

பெரியவர்தான் சொன்னார். "ரெண்டு எடத்துலயும் இருக்கட்டுமே."

"ஒரே ஆளு ரெண்டு தடவ எப்படிங்க?" என்றேன்.

"நின்னான் இல்ல?" என்றார்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய்.

அந்தப் படம் இன்னும் இரண்டு வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் சின்னவருக்கு இரட்டையா என்று கேட்பார்களாம். இரண்டு வருடம் கழித்து மோட்டார் முறைக்காக மறுபடி சண்டை வந்தது. நீயும் நானும் கவலையோடு விசாரித்தோம். "இந்த வாட்டி பேசிக்கிட்டேதான் சண்ட போடறாங்க" என்றாள் சின்னவர் மனைவி.

அதன் பிறகு என் வேலை மாறியது. ஒவ்வொரு படத்தையும் ஒட்ட உட்காரும்முன் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது யார், அது யார், இவர் ஏன் திரும்பியிருக்கிறார் என்று கேட்பேன். நீ மணிலா உரித்துத் தின்றுகொண்டே சொல்வாய். கீபோர்டுக்குள் தோல் விழும், திட்டுவேன். எடுத்துவிடு என்று நீ சொன்னவர்களும் உண்டு. ஒரு சடங்கு வீட்டுப் படத்தில் குறுக்கே வந்த தண்ணி லாரிக்காரரைச் சந்தோஷமாகவே எடுத்தோம்.

டிஜிட்டல் கேமரா வாங்கியது அதற்கெல்லாம் பிறகு. வாங்கிய மூன்றாம் நாள் வேங்கிக்கால் ஏரிக்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். சாயங்கால வெயில். கேமராவை என் கையில் கொடுத்து, "எப்பப் பாத்தாலும் ஒட்டறவளாவே இருக்க. இன்னிக்கு நீ எடு" என்றாய். கேமராவின் வார்ப்பட்டியைக் கையில் மாட்டாமலே வாங்கிக்கொண்டேன். ஏரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக எடுத்துக்கொண்டே போனேன். நீ என்னைப் பார்த்தபடி கரையில் நின்றிருந்தாய். திடீரென்று, "பட்டிய கையில சுத்திக்கடி! தண்ணியில போட்டுத் தொலைக்கப் போற!" என்று கத்தினாய். கத்தின வேகத்திலேயே உனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. நான் நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் படங்களை நாம் ஒட்டவேயில்லை. திரும்பும் வழியில்தான், வயிற்றில் கட்டி இருக்கிறது, அடுத்த வாரம் வேலூருக்குப் போகிறேன் என்று, மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாய்.

ஒன்றரை வருடம் வேலூருக்கும் இங்குமாக அலைந்தாய். கடைசி மாதம் வரை கேமராவைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தாய்.

காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். மாட்டுவதற்குப் படம் வேண்டும் என்றார். "ஊருல இருக்கறவங்க எல்லாரையும் எடுத்தா. எங்க வீட்ல அவ படம் ஒண்ணுகூட இல்லம்மா. கல்யாண ஆல்பம் மழையில ஊறிப்போச்சு." வாக்காளர் அட்டையில் இருந்தது யாரோ. என்னிடமிருந்த அத்தனை சிடியையும் போட்டுத் தேடினேன். ஆயிரக்கணக்கான முகங்கள், ஒன்றிலும் நீ இல்லை. கடைசியில் ஏரிக்கரைப் படங்கள் கிடைத்தன.

ஐந்தாவது படத்தின் ஓரத்தில் நீ இருந்தாய். திட்டிக்கொண்டிருக்கிறாய். முகம் முழுதாக வந்திருக்கிறது, இடது தோள் வெட்டுப்பட்டுவிட்டது. ஆறாவது படத்தில் தோள் இருக்கிறது, முகம் பாதிதான். அந்தப் பாதி சிரிக்கிறது. இரண்டையும் ஒட்டினால்தான் நீ முழுசாக வருவாய். நடுவில் நீ திரும்பிச் சிரித்துவிட்டதால் தோள் சரியாகச் சேரவில்லை. ஒரு ராத்திரி ஒரு பகல் அதோடு உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சிரிக்கற மாதிரி பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும். பாதிச் சிரிப்பு என் கையில் இருக்கிறது. அதைத் திருப்பிப்போட்டால் மறுபாதி. அரைமணி நேர வேலை, ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

உன் மகளைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். எது வேண்டுமென்று கேட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா திட்டறாங்க பெரிம்மா."

"ஆமாண்டி."

"அப்படியே இருக்கட்டும்." பிறகு அப்பாவைப் பார்த்து, "சிரிச்சா அம்மா மாதிரி இருக்காதுப்பா" என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

உன் வீட்டுக் கூடத்தில் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு அம்மாள், "இன்னா முறைப்பு பாரேன், நம்பளயே பாக்கற மாதிரி" என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துவிட்டு, தங்களைத்தான் பார்க்கிறாய் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. நீ திட்டுவது என்னை என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதை மட்டும் யாருக்கும் பங்கு கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.